பால் பத்தலையா, பிடிப்பு சரியில்லையா?

பிரசவ வார்டில் மூன்றாம் நாள் கேட்கிற முதல் புகார் "பால் பத்தலை" என்பதுதான். பவுடர் டின்னைத் தேடுவதற்கு முன்னால், குழந்தை வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் சரி. லிப்ஸ்டிக் நுனி மாதிரி ஒரு பக்கம் சரிந்து நசுங்கி, வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் குழந்தை காம்பை மட்டும் சப்பியிருக்கிறது. அப்படிப் பிடித்தால் காம்பு முன் அண்ணத்தில் நசுங்கி வெடிக்கும், பாலும் சரியாக வராது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் சேர்ந்து வாய்க்குள் போனால்தான் நுனி உள்ளே மெத்தென்ற இடத்தருகே போய் நிற்கும்.

குழந்தையின் வயிறு உங்கள் உடம்போடு ஒட்டியிருக்கட்டும். காது, தோள், இடுப்பு ஒரே கோட்டில். காம்பு மூக்குக்கு நேரே. வாய் அகலத் திறக்கும்வரை பொறுத்து, குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் குனிந்தால் முதுகும் போகும், பிடியும் நழுவும். மோவாய் மார்பில் பதியணும், கீழுதடு வெளியே மடங்கணும். பின்மண்டையை அமுக்கவே அமுக்காதீர்கள், குழந்தை தலையைப் பின்னுக்குத் தள்ளும். வலித்தால் வெடுக்கென்று இழுக்காமல், வாயோரம் சுண்டுவிரலை விட்டுக் காற்றுப் பிடிப்பை விடுவித்து மறுபடி ஆரம்பியுங்கள்.

———

இதோடு ஒன்று. பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டால் எப்படி வைத்தாலும் வழுக்கும். விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றிப் பதித்து, நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிடம் வலிக்காமல் அழுத்துங்கள். வீக்கநீர் விலகிக் கருவட்டம் இளகும். உடனே குழந்தையை வையுங்கள். பம்ப் போட்டு ஒட்ட வடிக்க வேண்டாம். வடிக்க வடிக்கக் கூடுதலாகச் சுரக்கும். பாரம் குறையும் அளவு போதும்.

———

பம்ப்பில் எத்தனை மில்லி வந்தது என்பதை வைத்துச் சுரப்பை எடைபோட முடியாது. குழந்தை இழுப்பது வேறு, மெஷின் இழுப்பது வேறு. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கிறதா, 5ஆம் நாளிலிருந்து தினம் 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா, மலம் கருப்பு மாறி மஞ்சளாகிவிட்டதா? இவைதான் கணக்கு. முதல் சில நாளில் எடை இறங்குவது சகஜம். 10 சதவீதத்தைத் தொட்டாலோ, 2 வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ டாக்டரிடம் காட்டியே ஆகணும்.

———

நிஜமாகவே சுரப்பு குறைகிறவர்களும் உண்டு, அவர்களிடம் "பிடிப்பைச் சரிசெய்" என்றே சொல்லிக்கொண்டிருப்பது அநியாயம். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போயிருக்கலாம், நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், தைராய்டு இருக்கலாம், மார்பில் முன்பு ஆபரேஷன் நடந்திருக்கலாம். பிடிப்பு சரியாகியும் எடை ஏறவில்லையென்றால் இவற்றைக் கேட்டுப் பரிசோதிக்கணும். அதுவரை குழந்தையைப் பட்டினி போடாமல், டாக்டர் சொல்லும் அளவு மேல்பால் (தாய்ப்பாலோடு கூடுதலாகத் தரும் பால்) கொடுத்துக்கொண்டே மார்பிலும் வைக்கலாம்.