குண்டுக்கு வழிகாட்ட லேசர் வர்றதுக்கு முன்னாடி அதை எப்படி திருப்பினாங்க?

டொம்லூர் செந்தில்: பையனை எச்ஏஎல் விமான மியூசியம் கூட்டிட்டு போனதுலேர்ந்து ரெண்டாம் உலகப்போர்ல குண்டு குறி தப்பாம எப்படி விழுந்துச்சுன்னு கேட்டுட்டே இருக்கான், யாராச்சும் சொல்லுங்களேன்

அல்சூர் கவிதா: பெரும்பாலும் தப்பித்தான் போச்சு சார். ஆனா ஜெர்மனிக்காரங்க ஃபிரிட்ஸ் எக்ஸ்னு ஒரு குண்டு செஞ்சாங்க, வால்ல வெளிச்சம் எரியும், விமானத்துல இருக்கறவர் அதையே கண்ணெடுக்காம பாத்து ஜாய்ஸ்டிக்கை அசைப்பார், ரேடியோ சிக்னல்ல குண்டு திரும்பும். 1943 செப்டம்பர் 9, இத்தாலியோட ரோமா போர்க்கப்பலை அப்படித்தான் மூழ்கடிச்சாங்க, ஆயிரத்துக்கும் மேல மாலுமிங்க போயிட்டாங்க, அதுவரைக்கும் ஜெர்மனி பக்கம் இருந்த இத்தாலி முந்தின நாள்தான் சண்டையை நிறுத்தறதா அறிவிச்சிருந்தது, படிச்சப்போ மனசே ஆறல

ஹெப்பால் ரவி: அமெரிக்காவோட ஏசான்ங்கற ரேடியோ குண்டையும் சொல்லுங்க, அதை இடது வலது மட்டும்தான் திருப்பலாம், தூரத்தை மாத்த முடியாது, அதனால பாலம் மாதிரி ஒடுக்கமா நீளமா இருக்கறதுக்குத்தான் சரிப்படும். பர்மா ரயில் பாலங்களை 1944 கடைசியில லிபரேட்டர் விமானங்கள் இதை வச்சுத்தான் உடைச்சுது

செந்தில்: எதிரி சிக்னலைக் கெடுத்துட்டா?

கவிதா: கெடுத்தாங்களே, கப்பல்லயே அதுக்கு ரேடியோ கருவி வச்சாங்க. அதோட, குண்டு விழற வரைக்கும் விமானம் சட்டுனு திரும்பி ஓட முடியாது, சுடறவங்களுக்கு அது போதும்