முக்கோணத்துக்கு 60 போட்டா பூனை ஏன் தலைகீழா நிக்குது?

நான் கணக்கு வாத்தியார், கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. லேப்ல பத்து மெஷின், ஓடுறது ஏழு. நெட்டை நம்ப முடியாது, அதனால ஸ்கிராட்ச் (கட்டளைகளை அடுக்கி திரையில ஒரு பூனையை நடக்கவிட்டு கோடு போடவைக்கிற, பிள்ளைகளுக்கான புரோகிராமிங்) ஆஃப்லைன்லதான்.

ஏழாம் வகுப்பு. சதுரம் சுலபமா வந்துடுச்சு: 100 அடி (ஸ்டெப்) நகரு, 90 டிகிரி திரும்பு, நாலு தடவை. அடுத்து சமபக்க முக்கோணம். எல்லாப் பிள்ளைகளும் 60 போட்டாங்க. கோணம் அறுபதுன்னு சொல்லிக்கொடுத்ததே நான்தானே! பூனை மூணு கோடு போட்டு, மூடாம, தலைகீழா நின்னுச்சு. பக்கவாட்டில சாய்ச்ச கிண்ணம் மாதிரி இருந்துச்சு. கடைசி பெஞ்ச் பையன் ஒருத்தன் யாரையும் கேக்காம 3 தடவையை 6 தடவை ஆக்கினான். அறுகோணம்! வகுப்பே கைதட்டுது. முக்கோணம் மட்டும் வரல. எனக்கும் சட்டுனு பிடிபடல.

நல்லவேளை, கரண்ட் போச்சு. எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போய் தரையில சாக்பீஸால முக்கோணம் போட்டு ஒரு பொண்ணை நடக்க விட்டேன். மூலையில நின்னு, வந்த திசையிலயே கையை நீட்டிக்கிட்டு, மெதுவா அடுத்த கோட்டுக்குத் திரும்பினா. "சார், அறுபது உள்ள இருக்கு. நான் திரும்புனது வெளிய இருக்கிறது."

180-ல 60 போனா 120. வெளிக்கோணத்தை வருஷா வருஷம் நடத்துறேன், அது நடக்கிறதுக்கு உதவும்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. 1967-ல பிறந்த லோகோங்கிற கணினி மொழியில, சொன்னபடி நகர்ந்து கோடு போடுற ஆமையைக் கொண்டுவந்த சீமோர் பாப்பர்ட், பிள்ளைகளை ஆமையா நடந்து பாக்கத்தான் சொன்னார். 2007-ல ஸ்கிராட்சை வெளியிட்ட அமெரிக்காவோட எம்.ஐ.டி. மீடியா லேப்காரங்களும் அவர் வழியில வந்தவங்கதான்.

—

சார், நான் நடத்துறது அஞ்சாம் வகுப்பு. மெஷினுக்கு ரெண்டு பேர், மவுஸ் மட்டும் எப்பவும் ஒருத்தர் கையில. இப்ப மவுஸ் பிடிக்கிறவங்க பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க சொல்றதை மட்டும்தான் செய்யணும், பத்து நிமிஷத்துல மாத்திக்கணும். "டீச்சர், அவ தப்பா சொல்றா!"ன்னு ஒரே பஞ்சாயத்து. ஆனா பேசாத பிள்ளைகளும் பேசுறாங்க. அதிருக்கட்டும், அந்த அறுகோணப் பையன் என்ன ஆனான்?

—

மறுநாள் வட்டம் போடுறேன்னு 1 டிகிரி, 360 தடவைன்னு வச்சான் டீச்சர். அடி மட்டும் 10. திரை 480 அடி அகலம், 360 அடி உயரம்தான், பூனை ஓரத்துல போய் முட்டிக்கிச்சு. அடியைக் குறைன்னு நான் சொல்லல. இன்னும் 360 தடவையைத்தான் மாத்திக்கிட்டிருக்கான்.