ராஜினாமா எழுதி வாங்கிவிட்டால் வேலையின்மைக் காப்பீடு போச்சா? (கலிஃபோர்னியா)

வைகைக்கரை: "நீங்களே எழுதிக் கொடுங்க, இல்லாட்டி இன்னைக்கே நீக்கிடுவோம்" என்று மிரட்டிக் கடிதம் வாங்குகிறார்கள். கையெழுத்துப் போட்டாச்சு என்றால் அது தானாக விலகியதுதான். காப்பீட்டுப் பணம் தரும் மாநில வேலைவாய்ப்புத் துறையான இ.டி.டி.யில் விண்ணப்பிக்கும்போதும் அப்படியே எழுதுவதுதான் பாதுகாப்பு. பொய் சொன்னதாக முடிவானால் வாங்கிய பணத்தோடு 30% அபராதமும் வரும்.

சட்டப்புள்ளி: இல்லைங்க, அப்படி எழுதினால் உங்க வழக்கை நீங்களே கெடுத்துக்கிறீங்க. 'விலகு அல்லது நீக்குவோம்' என்பதை இந்த மாநிலத்தில் பணிநீக்கமாகவே பார்ப்பார்கள். அதன்பின் ஒரே கேள்வி, ஒழுங்கீனம் இருந்ததா என்பது. வேலையில் மந்தம், திறமைக் குறைவு, நல்லெண்ணத்தோடு எடுத்த தவறான முடிவு எதுவும் ஒழுங்கீனம் ஆகாது என்று 1959-லேயே மேவுட் கிளாஸ் வழக்கில் தீர்ப்பு இருக்கு. யார் என்ன சொன்னார், எந்தத் தேதி, மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், இதை மட்டும் உள்ளபடி எழுதுங்க. உண்மையை எழுதினால் அபராதம் எங்கிருந்து வரும்?

வைகைக்கரை: வாயால் சொன்ன மிரட்டலுக்குச் சாட்சி யார்? நிறுவனத்தின் கையில் கடிதம் இருக்கிறதே.

சட்டப்புள்ளி: நியாயமான கேள்வி. ஆனா தொடக்கத்தில் சட்டம் தொழிலாளி பக்கம்தான். ஒழுங்கீனத்தாலோ தக்க காரணமின்றியோ வெளியேறவில்லை என்றே மாநில வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தின் 1256-ஆம் பிரிவு அனுமானிக்குது. அதை உடைக்க நிறுவனம் போதுமான உண்மைகளை எழுத்தில் தரணும். இ.டி.டி. அறிவிப்பு அனுப்பிய 10 நாளுக்குள் பதில் போடணும். மேல்முறையீட்டில் நடக்கும் தொலைபேசி விசாரணையில் கோப்பைப் படிக்கிற மனிதவள அலுவலரைவிட, அந்த அறையில் இருந்தவர் சத்தியம் செய்து சொல்வதற்கு மதிப்பு அதிகம். அன்றைக்கே அனுப்பிய ஒரு மின்னஞ்சல், "நீங்கள் கேட்டபடி கடிதம் தருகிறேன்" என்று ஒரே வரி இருந்தாலும் போதும், பெரிய பலம்.

நூலகன்: இடையில் ஒன்று. நிராகரிப்பு வந்தால், கடிதத்தில் உள்ள அஞ்சல் தேதியிலிருந்து 30 நாள். டி.இ. 1000எம் படிவத்திலோ தனிக் கடிதத்திலோ மேல்முறையீடு அனுப்பலாம். தாமதமானால் காரணத்தையும் எழுதணும். பலர் சறுக்குவது வேறு இடத்தில்: மேல்முறையீடு நடக்கும்போதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இன்னும் தகுதியோடுதான் இருக்கிறேன் என்று இ.டி.டி.க்குச் சான்றளிப்பதை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால், ஜெயித்த பிறகும் அந்த வாரங்களுக்குப் பணம் வராது. வாரத்துக்கு 450 டாலர் வரைக்கும் போகிற தொகை.

வைகைக்கரை: சரி, பணம் வாங்கிய பிறகு நிறுவனம் மேல்முறையீட்டில் ஜெயித்தால்? திருப்பிக் கேட்பார்களே. அந்தக் கடனுக்கு வாங்காமலே இருக்கலாம்.

சட்டப்புள்ளி: கேட்கலாம். உங்க தப்பில்லை, திருப்பித் தந்தால் குடும்பம் தவிக்கும் என்றால் தள்ளுபடி உண்டு, அதற்கும் கேட்கணும். முதல் நீதிபதி முடிவோடு முடிவதில்லை, மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக இன்னும் 30 நாள் இருக்கு. கடனுக்குப் பயந்து வீட்டு வாடகையை விட்டுக்கொடுப்பதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

வைகைக்கரை: மின்னஞ்சல் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா எந்தத் தடயமும் இல்லாதவர்களுக்கு நம்பிக்கை கொடுக்காதீங்க.

நூலகன்: அவங்களும் அந்த நாளின் குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்புப் பட்டியல், கூட்ட அழைப்பு எல்லாம் திரட்டி விசாரணைக்கு முன்பே அனுப்பட்டும்.