மதுவிலக்குக் காலத்து அமெரிக்கப் பள்ளி நிறைவு விழாவில் ஒரு மாணவன் என்ன பேசியிருப்பான்?

கேட்டவர்: நாடகப்பித்தன்

அனைவருக்கும் வணக்கம். 1926 மே மாதத்தில், அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நடைபெறும் உயர்நிலைப் பள்ளி நிறைவு விழாவைக் களமாக வைத்து ஓரங்க நாடகம் ஒன்றை எழுதி வருகிறேன். வகுப்பில் முதலிடம் பெற்ற மாணவன்தான் கதாநாயகன். விடைபெறும் உரையின் நடுவே, கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மேடையில் மதுவிலக்கைப் போற்றும் ஊர்ப் பெரியவர்கள் வீட்டில் மறைவாகக் குடிப்பதைப் போட்டு உடைக்கிறான். உடன் படித்தவர்கள் தொப்பிகளை மேலே வீசி ஆரவாரிக்க, திரை விழுகிறது.

எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் படித்தபோது, இது அந்தக் காலத்துப் பிள்ளையின் குரலா, என்னுடைய குரலா என்ற ஐயம் எழுந்துவிட்டது. அன்றைய விழா எப்படி நடந்தது, மாணவர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள், மதுவிலக்கு அந்த மேடையில் இடம்பெற்றதா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பழைய கரும்பலகை

உங்கள் ஐயம் நியாயமானது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரே மாலையில் அடக்கியிருப்பது அங்கே ஏறக்குறைய ஒரு வாரம் நீண்ட கொண்டாட்டம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலோ பள்ளி அரங்கிலோ போதகர் ஒருவர் வெளியேறும் மாணவர்களுக்கென்றே பிரசங்கம் செய்வார். அதையொட்டி, இறுதி வகுப்பினருக்கு அவர்களுக்கு அடுத்த வகுப்பினர் அளிக்கும் விருந்து, இறுதி வகுப்பின் நாடகம், வகுப்பு இரவு ஆகியவை நடந்து, கடைசியாகச் சான்றிதழ் வழங்கும் மாலை வரும். பிரார்த்தனை, இசை, இரண்டாமிடம் பெற்றவரின் வரவேற்புரை, வெளியூரிலிருந்து அழைத்த பெரியவரின் நீண்ட சொற்பொழிவு, முதலிடம் பெற்றவரின் விடைபெறும் உரை என்று அந்த மாலை மிகுந்த கட்டுப்பாட்டோடு நகரும்.

உரையை மனப்பாடம் செய்தே பேசுவது வழக்கம். எந்தச் சொல்லில் கை உயர வேண்டும், எங்கே குரல் தாழ வேண்டும் என்பது வரை ஆசிரியை பயிற்சி கொடுத்திருப்பார். ஆகவே உங்கள் கதாநாயகன் தாளை மடித்து வைப்பதைவிட, பாடமாக வைத்திருந்த வரியில் நின்றுபோய், அடுத்த வரிக்குப் போகாமல் இருப்பதே அந்தக் காலத்து அரங்கை உலுக்கியிருக்கும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியை அந்த வரியை உதடசைத்து நினைவூட்டப் பார்ப்பதையும் காட்டலாம்.

பொருள் பெரும்பாலும் வகுப்பின் குறிக்கோள் வாசகத்திலிருந்தே பிறக்கும். மேடையின் பின்திரையில், அட்டையில் வெட்டிய எழுத்துகளாக அதைத் தொங்கவிட்டிருப்பார்கள். ‘இன்றிரவு கடலில் இறங்குகிறோம், எங்கே நங்கூரமிடுவோம்?’ என்ற வகை வாசகங்கள் பல ஊர்களில் திரும்பத் திரும்ப வந்தன. கடலையே பார்த்திராத கேன்சஸ் பிள்ளைகள் துடுப்பையும் கலங்கரை விளக்கத்தையும் பற்றி உருகிப் பேசியதை எண்ணும்போது எனக்கு அவர்கள்மீது அன்புதான் மிகுகிறது.

பிள்ளைகள் தங்கள் குரலில் பேசியது வகுப்பு இரவில். அங்கே ‘வகுப்பு உயில்’ ஒன்று வாசிக்கப்படும். ஒருவன் தன் கணக்குப் புத்தகத்தையும், இன்னொருத்தி தாமதமாக வரும் பழக்கத்தையும் அடுத்த வகுப்பினருக்குச் சட்ட மொழியில் எழுதி வைப்பார்கள். ‘வகுப்பு ஆரூடம்’ இருபது ஆண்டுகள் கழித்து யார் யார் என்னவாக இருப்பார்கள் என்று கணித்துச் சொல்லும். பெரியவர்களைச் சீண்ட வேண்டுமானால் அந்த உயிலில்தான் சீண்டியிருப்பார்கள்.

தொப்பியை வீசும் வழக்கம் 1912இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கழகத்தில் தொடங்கியது. 1926இல் அங்கியும் தொப்பியுமே எல்லாச் சிற்றூர்ப் பள்ளிகளிலும் வந்துவிடவில்லை. பெண்கள் பலர் தாங்களே தைத்த வெள்ளை உடையில் வந்தார்கள். அந்த முடிவை விட்டுவிடுங்கள்.

மறுமொழி: சட்டப்படிப்பு

சட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1920 ஜனவரி 17 முதல் நடப்புக்கு வந்த, அமெரிக்க அரசமைப்பின் பதினெட்டாம் திருத்தம் மதுவைத் தயாரிப்பதையும் விற்பதையும் கொண்டு செல்வதையும் தடுத்ததே தவிர, குடிப்பதைக் குற்றமாக்கவில்லை. தடைக்கு முன்பே வாங்கி வைத்ததை வீட்டில் குடிப்பவரை நடுவண் அரசின் சட்டம் தொடாது. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது கேன்சஸ். அங்கே 1880இலேயே மாநில அரசமைப்பில் மதுவிலக்கு ஏறிவிட்டது. 1917இல் மதுவை வைத்திருப்பதையே குற்றமாக்கும் கடுமையான சட்டமும் வந்தது. சிகரெட் விற்பனைகூட 1927 வரை தடையில் இருந்த மாநிலம் அது. ஆகவே உங்கள் ஊர்ப் பெரியவரின் வீட்டுப் புட்டி வெறும் போலித்தனமன்று, வழக்குக்குரிய குற்றம். அதை மேடையில் சொல்லும் பையன் ஒருவரைக் காவலரிடம் பிடித்துக் கொடுக்கிறான். நாடகத்தில் அந்தக் கனம் இப்போது இல்லை.

இன்னொன்று. 1926இல் பதினெட்டு வயதான அந்தப் பையன் தன் ஊரில் சட்டப்படி நடந்த மதுக்கடை ஒன்றைக்கூடக் கண்டிருக்க மாட்டான். அவனுடைய பெற்றோரே கண்டிருப்பது அரிது. பள்ளிப் பாடத்திலும் மதுவின் தீமை சிறு வயது முதல் இருந்தது. கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தின் முயற்சியால், 1900களின் தொடக்கத்திலேயே எல்லா மாநிலங்களும் அதைக் கட்டாயமாக்கியிருந்தன. அவனுக்கு மதுவிலக்கு புதுச் சட்டமே அல்ல, பிறந்தது முதல் இருக்கும் வானிலை போன்றது.

மறுமொழி: ஓய்வுநேர வாசகி

கதையை 1933க்கு நகர்த்தினால் எளிதாகுமே. அந்த ஏப்ரல் 7 முதல் 3.2 விழுக்காடு மட்டுமே ஆல்கஹால் உள்ள பீர் சட்டப்படி விற்பனைக்கு வந்துவிட்டதல்லவா?

மறுமொழி: சட்டப்படிப்பு

பிற மாநிலங்கள் பலவற்றில் வந்தது, அம்மா. கேன்சஸ் அந்த பீரை ஏற்றதே 1937இல்தான். அங்கே மாநில மதுவிலக்கு 1948 வரை நீடித்தது.

மறுமொழி: தெற்கு வாசல்

மதுவிலக்கு மேடையில் இடம்பெற்றதா என்று கேட்டிருந்தீர்கள். நேரடியாக மதுவைப் பற்றிப் பேசியதைவிட, ‘சட்டத்துக்குக் கீழ்ப்படிதல்’, ‘குடிமகனின் கடமை’ என்ற போர்வையில் அது நுழைந்திருக்கும் என்பதே என் கருத்து. 1924 முதல் நாளிதழ்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக அரசமைப்பைப் பற்றிய தேசியப் பேச்சுப் போட்டி நடத்தின. இறுதிச் சுற்று வாஷிங்டனில் நடந்தது. அரசமைப்பைப் போற்றும் பேச்சில் பதினெட்டாம் திருத்தமும் சேர்ந்தே வந்துவிடும் அல்லவா?

நீங்கள் தேடும் துணிச்சலுக்கு உண்மையான சான்று ஒன்று உண்டு. மதுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1925இல், மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில், கறுப்பினப் பிள்ளைகளுக்கான ஸ்மித் ராபர்ட்சன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பை முதல் மாணவராக முடித்தவர் ரிச்சர்ட் ரைட், பின்னாளில் பெரும் எழுத்தாளர் ஆனவர். பேசுவதற்கென்று ஆயத்தமாக எழுதப்பட்ட உரை ஒன்றைத் தலைமையாசிரியர் அவரிடம் நீட்டினார். வெள்ளையர்களும் அவையில் இருப்பார்கள், அவர்கள் முன்னால் வாய்க்கு வந்ததைப் பேச முடியாது என்பது அவர் சொன்ன காரணம். ரைட் தாம் எழுதியதையே பேசுவேன் என்றார். சான்றிதழ் கிடைக்காமல் போகலாம் என்ற மிரட்டல், ஆசிரியர் வேலை கிடைக்கலாம் என்ற ஆசைகாட்டல், உடன் படித்தவர்களின் வற்புறுத்தல், வீட்டாரின் அறிவுரை எல்லாவற்றையும் தாண்டித் தம் உரையையே நிகழ்த்திவிட்டு, நேரே வீட்டுக்கு நடந்தார்.

அந்த உரையில் எவரையும் அவர் சாடியதாகத் தெரியவில்லை. சொற்கள் தம்முடையவை என்பதற்காகத்தான் அத்தனை போராட்டமும். 1920இல் பதினேழு வயதினரில் நூற்றுக்குச் சுமார் 17 பேரும், 1930இல் சுமார் 29 பேரும் மட்டுமே உயர்நிலைப் பள்ளியை முடித்தார்கள். மேடை ஏறும் பிள்ளையின் பின்னால் ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பு நின்றது. அதைப் பணயம் வைத்துப் பேசுவதற்கு மதுப்புட்டி வேண்டியதில்லை; ஒரு தாள் போதும்.

கேட்டவர்: நாடகப்பித்தன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தொப்பிகளையும் குற்றச்சாட்டையும் நீக்கிவிட்டேன். இப்போது முதல் காட்சி விழாவுக்கு முந்தைய நாள் மாலை, தலைமையாசிரியர் அறையில் தொடங்குகிறது. மேசைமேல் சட்டத்துக்குக் கீழ்ப்படிதலைப் பற்றிய நேர்த்தியான உரை ஒன்று இருக்கிறது. பையன் அதில் ஒரே ஒரு வாக்கியத்தைத் தன்னால் சொல்ல முடியாது என்கிறான். காரணத்தை மட்டும் சொல்ல மறுக்கிறான், ஏனெனில் அது அவன் தந்தையின் அலமாரியில் இருக்கிறது. மறுநாள் மேடையில், பழைய கரும்பலகை அவர்கள் சொன்னபடியே, அந்த வரி வரும் இடத்தில் அவன் நிற்கிறான். ஆசிரியை உதடசைக்கிறார். தந்தை மட்டும் தலை குனிகிறார்.

வகுப்பு உயிலை இரண்டாம் காட்சியாகச் சேர்க்கிறேன். எழுதி முடித்ததும் இங்கேயே பதிவிடுகிறேன். பிழை கண்டால் திருத்துங்கள்.