மறு: ஸ்டொகாஸ்டிக்: திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே, புள்ளியியல் பாடநூல் மொழிபெயர்ப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்டொகாஸ்டிக் பிராசஸுக்கு (வாய்ப்பைப் பொறுத்துப் படிப்படியாக மாறிச்செல்லும் ஒன்றின் கணித வடிவம்) "சமவாய்ப்புச் செயல்முறை" என்று போட்டிருந்தேன். சரிபார்ப்பவர் திருப்பிவிட்டார். எல்லா விளைவுக்கும் ஒரே வாய்ப்பு என்றல்லவா மாணவர் எடுத்துக்கொள்வார்கள், அடுத்த பக்கத்திலேயே மார்க்கோவ் சங்கிலி வருகிறதே, அதில் அடுத்த நிலைக்கான வாய்ப்பு இப்போதைய நிலையைப் பொறுத்ததாயிற்றே, சமமாக இருக்க வேண்டியதில்லையே என்கிறார். நியாயம்தான்.
– ச.

வேரைப் பாருங்கள். கிரேக்கத்தில் ஸ்டோகோஸ் என்றால் எய்யும் இலக்கு, அதிலிருந்து ஊகித்தல். கணிதர் யாக்கோபு பெர்னூலி மறைந்தபின் 1713இல் வெளியான அவர் நூலில் ஊகக்கலைக்கு இந்த வேரிலிருந்து வந்த பெயர் உண்டு; 1917இல் புள்ளியியலாளர் போர்ட்கியேவிச் அதைத் தூசி தட்டி எடுத்தார். அதே வழியில் வந்த சொல் நம்மிடமும் இருக்கிறது: குறி! குறி பார்த்து எய்கிறோம், குறியும் கேட்கிறோம். அகப்பாடல் கட்டுவிச்சி நெல்லை நான்கு நான்காக எண்ணி, எஞ்சியதை வைத்துக் குறி சொன்னாள். நான்கே மதிப்பு கொண்ட மாறி! "குறிவழிச் செயல்முறை" என்க.
– ந.

ஐயா, "குறி" என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கோ, கடைசி வாங்கு சிரித்தே பாடத்தை முடித்துவிடும். எங்கட இலங்கைப் பாடநூல்களில் ரேண்டம் வேரியபிளுக்கு, அதாவது வாய்ப்பைப் பொறுத்து மதிப்புக் கொள்ளும் மாறிக்கு, "எழுமாற்று மாறி" நெடுங்காலமாக இருக்கிறது. "எழுமாற்றுச் செயன்முறை" என்றால் என்ன குறை?
– பு.

எழுமாறு ரேண்டமுக்கு அல்லவா? இரண்டும் என் நூலில் வருகின்றன.
– ச.

ஆங்கிலத்திலேயே அந்த எல்லை மங்கல்தான். ரேண்டம் வேரியபிளா, சான்ஸ் வேரியபிளா என்று நிகழ்தகவுக் கணிதர்கள் ஃபெல்லரும் (ரேண்டம்) டூபும் (சான்ஸ்) சண்டையிட்டு, கடைசியில் நாணயம் சுண்டினார்கள், ஃபெல்லர் வென்றார். "ஊழ்முறை" எப்படி?
– மு.

ஊழுக்கு "முறை" என்றே ஒரு பொருள். முறைமுறை என்று அச்சடிக்கவா? மேலும், தமிழை நாணயம் சுண்டித் தீர்மானிப்பதற்கில்லை.
– ந.

ஸ்டொகாஸ்டிக் என்றே விடுங்கள். நேர்காணலில் அதைத்தான் கேட்பார்கள்.
– இ.

விட்டால் முதற்பக்கத்திலிருந்து கடைசிவரை அப்படியே விடலாம். மொழிபெயர்ப்பு எதற்கு?
– ந.

நேரமில்லை. எழுமாறு பக்கம் சாய்கிறேன். தலைப்பில் "எழுமாற்றுச் செயல்முறை", முதல் வரியில் ஒருமுறை ஸ்டொகாஸ்டிக். ரேண்டமுக்குச் சமவாய்ப்பையே விட்டுவைக்கிறேன்; அந்தச் சிக்கல் அடுத்த பதிப்புக்கு. அனைவருக்கும் நன்றி.
– ச.

என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். கட்டுவிச்சியின் நெல் கணக்கில் எச்சம் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு சமமா என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன்.
– ந.