எதிர்வீட்டு ராட்வைலர்: இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும்படி என்ன எழுதலாம்?

கேட்டவர்: செலிட்டர் ஆள்

சிங்கப்பூர் செலிட்டரில் எங்கள் தெருவில் 22 தரைவீடுகள். ஒன்பது வீடுகளில் நாய் உண்டு. எதிர்வீட்டில் இருப்பது ராட்வைலர் என்ற பெரிய காவல் நாய், பெயர் புருனோ. போன மாதம் அவர்களுடைய தானியங்கி கேட் பாதியில் நின்றுவிட்டது. அந்த இடைவெளி வழியே புருனோ வெளியே வந்து, ஈரச்சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த என் அம்மாவை நோக்கி ஓடியது. கடிக்கவில்லை, குரைக்கக்கூட இல்லை. பையைத்தான் முகர்ந்தது (உள்ளே கருவாடு). ஆனால் 74 வயதுக்காரர் மிரண்டு பின்னால் நகர்ந்து, வடிகால் ஓரம் விழுந்துவிட்டார். இப்போது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

அன்றிலிருந்து தெருவின் வாட்ஸ்அப் குழு இரண்டாகிவிட்டது. பிட்புல்லைத் தடுத்த மாதிரி இந்த இனத்தையும் நாட்டுக்குள் விடக்கூடாது, மனுக் கொடுப்போம் என்கிறது ஒரு பக்கம். இனத்தைப் பார்த்துச் சட்டம் போடுவதே அநியாயம், இப்போது இருக்கிற, கட்டுப்படுத்தப்பட்ட இனங்களின் பட்டியலையும் எடுக்கச் சொல்வோம் என்கிறது இன்னொரு பக்கம். கடிதம் எழுதத் தெரிந்தவன் என்று இரண்டு பக்கமும் என்னைப் பிடித்திருக்கிறார்கள். விழுந்தது என் அம்மா என்பதை எல்லாரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

நான் நடுநிலையானவன் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒன்பது வயதில் என் கணுக்காலைக் கடித்தது அத்தை வீட்டுப் பொமரேனியன், சின்ன நாய். வடு இன்னும் இருக்கிறது. அந்த இனம், அரசு அடுக்குமாடி வீடுகளைக் கவனிக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அனுமதிக்கும் பட்டியலில் இருக்கிறது! இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும் வரி ஏதாவது உண்டா?

பதில் 1: பயிற்சி அக்கா

தம்பி, முதலில் அம்மாவுக்குக் குணமாகட்டும்.

உங்கள் குழுவில் பாதிப் பேருக்கு இப்போதுள்ள சட்டமே தெரியாது என்று நினைக்கிறேன். பட்டியலில் இரண்டு பகுதி. முதல் பகுதியில் பிட்புல், அக்கிடா, தோசா மாதிரி இனங்கள். அவற்றை இறக்குமதி செய்ய முடியாது. ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு எல்லாம் இரண்டாம் பகுதி. வளர்க்கலாம். ஆனால் மைக்ரோசிப், கருத்தடை, கீழ்ப்படிதல் பயிற்சி, வெளியே வந்தால் கயிறும் வாய்க்கூடையும் என்று நிபந்தனைகள் உண்டு. குறைந்தது 100,000 வெள்ளிக்குக் காப்புறுதியும் (இன்சூரன்ஸ்) வேண்டும். எதிர்வீட்டாரிடம் அந்தக் காப்புறுதியைப் பற்றி யாராவது கேட்டீர்களா? ஒரு மாதம் சண்டை போட்டவர்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது, பந்தயம் கட்டுகிறேன்.

வாய்க்கூடை என்றதும் ஒன்று. சிலர் வாயை இறுக்கிக் கட்டும் துணியைப் போட்டுவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலில் நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்தால்தான் உடம்புச் சூடு தணியும். கிராமத்தில் போரடிக்கும் மாட்டுக்குப் போடுவார்களே, அந்த மாதிரி கூடைதான் வேண்டும். நாயைப் பிடிக்காதவரும் இதை மறுக்க மாட்டார்.

சட்டம் மாறவே மாறாது என்றும் இல்லை. வீவக வீட்டில் உள்ளூர்க் கலப்பின நாய் வளர்க்கும் அடோர் திட்டத்தில் 15 கிலோ எடை வரம்பை 2020-இல் எடுத்துவிட்டார்கள். பயிற்சி மட்டும் கட்டாயம்தான்.

பதில் 2: இரண்டு பிள்ளைக்கு அம்மா

அக்கா சொல்வது சரி, ஆனால் நான் தடை கேட்கும் பக்கம். பொமரேனியன் கடித்தால் வடு மிஞ்சும். ராட்வைலர் கடித்தால்? 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. அந்தச் செய்தியைப் படித்த பிறகு "எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிகிறது. வளர்ப்பு தப்பாகப் போனால் விலை கொடுப்பது யார்?

அதே வருடம் மார்ச்சில் இந்திய மத்திய அரசு 23 இனங்களைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நெதர்லாந்து பிட்புல் தடையைக் கைவிட்டது, பிரிட்டன் எக்ஸ்எல் புல்லி என்ற பெரிய நாய் இனத்தைத் தன் தடைப் பட்டியலில் புதிதாகச் சேர்த்தது. உலகமே முடிவு செய்யவில்லை, உங்கள் வாட்ஸ்அப் குழு முடிவு செய்துவிடுமா?

பதில் 3: பழைய தபால்காரர்

31 வருடம் கடிதம் போட்டவன். எனக்கு நாய் இனம் அவ்வளவாகத் தெரியாது, கேட் தெரியும்.

மூன்று முறை கடி வாங்கியிருக்கிறேன். ஒரு வீட்டில் கம்பி இடைவெளி முகம் நுழையும் அளவுக்கு. இன்னொரு வீட்டில் பேரன் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தாத்தாவைக் கூப்பிட ஓடினான். மூன்றாவது என் தப்பு, குட்டி போட்ட நாய்க்குப் பக்கத்தில் போனேன். மூன்றும் மூன்று இனம், எதுவும் பட்டியலில் இல்லை. ஆனால் இந்தத் தங்கச்சி சொல்வதும் நிஜம். அவை பெரிய நாயாக இருந்திருந்தால் இன்று நான் தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டேன்.

தெருக்காரர்களைக் கூப்பிட்டு ராட்வைலர் நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள், விடிய விடியப் பேசுவார்கள். உங்கள் கேட் மூட எத்தனை விநாடி ஆகிறது, மின்சாரம் போனால் திறந்தே நிற்குமா, உள்ளே இன்னொரு கதவு உண்டா, காலையில் நாயை யார் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று கேளுங்கள். ஐம்பது கிலோ நாய் முன்னால் இழுக்க, நாற்பத்தைந்து கிலோ பணிப்பெண் பின்னால் தொங்கிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்டவர்: செலிட்டர் ஆள்

எல்லாருக்கும் நன்றி. மனுவைத் தள்ளி வைத்துவிட்டு, தபால்கார அண்ணன் கேட்டதையே நான்கு வரியாக எழுதினேன்: கேட்டுக்கு உள்ளே இரண்டாவது கதவு, அடக்க முடிந்தவர் கையில்தான் கயிறு, மூச்சு விடும்படியான வாய்க்கூடை, தெருவில் விபத்து நடந்தால் காப்புறுதி விவரத்தை அன்றே கொடுப்பது. 22 வீட்டில் 17 வீடு கையெழுத்துப் போட்டுவிட்டது. மீதி ஐந்தில் இரண்டு தடை கேட்பவர்கள், இரண்டு பட்டியலை எடுக்கச் சொல்பவர்கள், ஒருவர் விடுமுறைக்குப் போயிருக்கிறார்.

எதிர்வீட்டாரிடம் காப்புறுதியைக் கேட்டேன். முகம் சிவந்தது, ஆனால் எடுத்துக்கொடுத்தார். அம்மாவின் எக்ஸ்ரே பில் உட்பட எல்லாவற்றையும் அனுப்பியாயிற்று. அம்மாவுக்குப் பணத்தைவிட அந்தக் கருவாடுதான் கவலை. புருனோ அதைத் தின்றதா, வடிகாலில் போனதா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உள்கதவு போட ஆள் வெள்ளிக்கிழமை வருகிறார். என்ன விலை என்று இரண்டு வீட்டார் விசாரித்தார்கள். அதில் ஒருவர் வளர்ப்பது சிவாவா என்ற குட்டி இன நாய்.