6 மி.மீ. சிறுநீரகக் கல்: சிறுபீளை குடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் நடுராத்திரியில் இடது விலாவுக்குக் கீழே பிடித்த வலி, உட்காரவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை. சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றேன். ஸ்கேனில் சிறுநீர்க்குழாயில் 6 மி.மீ. கல். 5 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் தானாக வந்துவிடும், இது இரண்டுங்கெட்டான் அளவு என்று சொல்லி, டாக்டர் சிறுநீர்க்குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை கொடுத்திருக்கிறார். நான்கு வாரம் பார்க்கலாமாம்.

பெரியம்மா ஒரு கட்டு சிறுபீளை கொண்டுவந்து கொடுத்தார். தண்டு நெடுகப் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூ, அதனால் செடி சரிதான். என் கேள்வி, இதை வேரோடு கொதிக்க வைப்பதா, இலையும் பூவும் போதுமா? நெருஞ்சில் முள்ளும் சேர்க்கச் சொல்கிறார். மாத்திரையே எழுந்து நின்றால் தலைசுற்ற வைக்கிறது. மாத்திரையையும் கஷாயத்தையும் சேர்த்து எடுத்தவர்கள் உண்டா? சித்த மருத்துவர்கள் இருந்தால் அளவோடு சொல்லுங்கள்.

"எனக்குக் கரைந்துவிட்டது" என்பவர்கள், கல்லின் அளவையும் அப்புறம் ஸ்கேன் எடுத்துப் பார்த்தீர்களா என்பதையும் எழுதுங்கள். வலி நின்றாலே கல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பீர் யோசனை மட்டும் வேண்டாம், ஏற்கனவே நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

தண்ணீர் நிறையக் குடிக்கிறேன். காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ கஷாயத்தை ஓரமாக வைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று, கல் வெளியே வந்தால் பரிசோதனைக்குக் கொடுக்கப் பிடித்துவைக்க வேண்டுமாம். பழைய டீ வடிகட்டியைத்தான் அதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். சிரிக்காதீர்கள், வேறு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.